பதாகையில் ‘சர்வதேச’ என்று அச்சிடலாமா?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் விளையாட்டுக் கழகச் செயலாளரான தம்பி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். தைப்பொங்கலை ஒட்டி அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டியில், கட்டாரில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருக்கும் இளைஞர்கள் இம்முறை ‘கட்டார் அணி’ என்ற பெயரில் ஆட விரும்புகிறார்கள். தமிழ்நாட்டு நீலகிரியிலுள்ள கோத்தகிரியிலிருந்து உறவினர் வீடுகளுக்கு வரவிருக்கும் சிலரும் தனி அணியாக இறங்கக் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் பதாகையில் ‘சர்வதேச’ என்ற சொல்லைச் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, செயற்குழுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள் மட்டும் ஆடும் கிரிக்கெட் உலகக் கிண்ணமே சர்வதேசப் போட்டி இல்லை, உதைபந்தாட்டம் ஒன்றுதான் அந்தப் பெயருக்கு உரியது என்பது ஒரு தரப்பு. 2024ஆம் ஆண்டின் இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் 20 அணிகள் ஆடின, அமெரிக்கா பாகிஸ்தானைச் சுப்பர் ஓவரில் வீழ்த்தியது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது மறுதரப்பு. நாடுகளின் எண்ணிக்கை, வீரர்களின் பிறப்பிடம், பார்ப்போரின் தொகை ஆகியவற்றில் எதை அளவுகோலாகக் கொள்வது என்று தம்பி கேட்கிறார்.

இந்த மூன்றும் போதாது என்பது என் கருத்து. எந்தப் போட்டியைப் பார்த்தாலும் நான் கேட்பவை இரண்டே கேள்விகள். இன்று உள்ளே இல்லாத ஓர் அணி, எவருடைய தயவையும் எதிர்பாராமல், ஆடி வென்றே உள்ளே வருவதற்கு வழி இருக்கிறதா? இன்று உள்ளே இருக்கும் பெரிய அணி, தோற்றுக்கொண்டே போனால் வெளியே நிற்க நேருமா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமானால், எட்டு நாடுகள் மட்டும் ஆடினாலும் அதைச் சர்வதேசப் போட்டி என்று மனமொப்பிச் சொல்வேன். கிடைக்காவிட்டால், நாற்பது கொடிகள் பறந்தாலும் அது அழைப்பிதழ் கொடுத்து நடத்தும் விருந்துதான்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லின் நேர்ப்பொருள் ‘நாடுகளுக்கு இடையிலான’ என்பதே. இரண்டு நாடுகள் மோதினாலே அச்சொல் பொருந்திவிடும். நாம் வானொலியிலும் பத்திரிகையிலும் கேட்டும் படித்தும் பழகிய ‘சர்வதேச’ என்ற சொல்லோ எல்லாத் தேசங்களையும் தனக்குள் அழைக்கிறது. தமிழ்நாட்டில் அதிகம் எழுதப்படும் ‘பன்னாட்டு’ பல நாடுகளோடு நின்றுவிடும். ‘அனைத்துலக’ உலகம் முழுவதையும் கேட்கும். உங்கள் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்தில் பாதி இந்தச் சொற்களால் வந்தது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் மட்டும் மோதும் ஆஷஸ் தொடர் நாடுகளுக்கு இடையிலானது. அதை எவரும் உலகப் போட்டி என்று அழைப்பதில்லை, ஆகையால் அதில் குறை காணவும் இடமில்லை. பெயரிலேயே உலகத்தைச் சூட்டிக்கொண்டவர்களைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1903இல் தொடங்கிய பேஸ்போல் ‘உலகத் தொடர்’ அந்த நாட்டுக் கழகங்களுக்கும் கனடாவிலிருந்து ஆடும் கழகத்துக்கும் உள்ளேயே முடிந்துவிடுகிறது. யப்பானில் எவ்வளவு திறமையான கழகம் இருந்தாலும் அதில் நுழைய வழியில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

கிரிக்கெட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் முதல் தரப்பார் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை. நாடுகளுக்கு இடையிலான முதல் கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயோர்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையில் நடந்தது. ஆனால் 1909இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்றும் சேர்ந்து ‘ஏகாதிபத்திய கிரிக்கெட் மாநாடு’ என்ற அமைப்பைத் தொடங்கியபோது, பேரரசுக்கு உட்பட்ட நாடுகளுக்கே அதில் இடம் என்றாயிற்று. முதல் ஆட்டத்தை ஆடிய அமெரிக்கா அரை நூற்றாண்டுக்கு மேல் வாசலுக்கு வெளியே நின்றது. 1965இல்தான் அமைப்பின் பெயரிலிருந்து ‘ஏகாதிபத்திய’ என்ற சொல் நீங்கி ‘சர்வதேச’ என்ற சொல் வந்தது. அந்த ஆண்டில் முதன்முதலாக இணை உறுப்பினராகச் சேர்க்கப்பட்ட மூன்று நாடுகள் அமெரிக்கா, பிஜி, இலங்கை. ஆகவே கிரிக்கெட்டின் பெயரில் அந்தச் சொல் ஏறிய அதே ஆண்டில்தான் நமக்கும் கதவு சற்றுத் திறந்தது.

சற்றுத்தான் திறந்தது. 1975இல் நடந்த முதல் உலகக் கிண்ணத்துக்கு நாம் அழைப்பின் பேரில் போனோம். கென்யா, உகண்டா, தன்சானியா, சாம்பியா ஆகியவற்றின் வீரர்களைச் சேர்த்து அமைத்த கிழக்கு ஆபிரிக்க அணியும் அப்படித்தான் வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இலங்கை 86 ஓட்டங்களுக்குச் சுருண்டு 9 விக்கெட்டுகளால் தோற்றது. அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர், இப்படிப்பட்ட அணிகளை எதற்கு அழைக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார், கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். சில நாட்களில் அவுஸ்திரேலியா குவித்த 328 ஓட்டங்களை எதிர்த்து நம்மவர்கள் 4 விக்கெட்டுகள் மட்டும் இழந்து 276 எடுத்தார்கள். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் தொம்சனின் பந்துகள் உடம்பில் பட்டு இரண்டு துடுப்பாட்ட வீரர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆட்டம் அது. 1979இல் நிலைமை மாறியது. இணை உறுப்பு நாடுகளுக்கென முதன்முறையாக, அந்தச் சர்வதேச அமைப்பின் ஆங்கிலச் சுருக்கப் பெயரில், ஐ.சி.சி. கிண்ணம் என்ற தகுதிகாண் போட்டி நடத்தப்பட்டது. இலங்கையும் கனடாவும் அதில் ஆடித்தான் உலகக் கிண்ணத்துக்குள் வந்தன. வந்த இடத்தில் இலங்கை இந்தியாவை 47 ஓட்டங்களால் வென்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், ஐந்து நாள் ஆட்டமான டெஸ்ட் கிரிக்கெட்டை ஆடும் அந்தஸ்து கிடைத்தது. 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடினோம். 1996இல் லாகூரில் கிண்ணத்தைத் தூக்கினோம். 86 ஓட்டங்களிலிருந்து உலகச் சாம்பியன் பட்டம் வரை 21 ஆண்டுகள். ஏறுவதற்கு ஒரு படி இருந்ததால்தான் ஏற முடிந்தது.

அந்த 1996ஆம் ஆண்டைப் பற்றி நான் எப்போது பேசினாலும் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கைக்கு வர மறுத்து ஆட்டங்களைக் கைவிட்டன. சிம்பாப்வேயும் கென்யாவும் வந்தன. கென்யாவுடனான ஆட்டம் மார்ச் 6ஆம் திகதி நம் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் நடந்தது; நான் மேட்டுப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். இலங்கை 5 விக்கெட்டுகளுக்கு 398 ஓட்டங்கள் எடுத்து அன்றைய உலக சாதனையைப் படைத்தது. அரவிந்த டி சில்வா மட்டும் 145. எனக்கு அதைவிட அதிகம் நினைவில் நிற்பது கென்யாவின் பதில் ஆட்டம். வெல்லவே முடியாது என்று தெரிந்த இலக்கை நோக்கி ஸ்டீவ் டிக்கோலோ ஆடிக்கொண்டே போய் 96இல் ஆட்டமிழந்தபோது மேட்டில் இருந்த எங்கள் கூட்டம் முழுவதும் எழுந்து கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற, பலகாரத் தட்டைத் தலையில் வைத்திருந்த வியாபாரி ஒருவர், தட்டை இறக்கித் தரையில் வைத்துவிட்டுத் தட்டினார். யாரும் வரத் தயங்கிய நாட்டுக்கு வந்தவர்கள் என்ற நன்றி அந்தக் கைதட்டலில் இருந்தது.

அந்தப் பருவத்தில் நடந்த இன்னொன்றையும் உங்கள் விவாதத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பெப்ரவரி 13ஆம் திகதி இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து, இலங்கையில் ஆடலாம், பயமில்லை என்று காட்டுவதற்காக இலங்கையுடன் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அசாருதீனும் டெண்டுல்கரும் வசீம் அக்ரமும் ஒரே பக்கம் நின்ற அந்த ஆட்டம் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டமாகக் கணக்கில் ஏறவில்லை. விதிப்படி அது சரிதான். அந்த அணிக்குப் பின்னால் ஒரு நாடு இல்லை. ஆனாலும் நாடுகள் ஒன்றுக்கொன்று செய்யக்கூடிய மரியாதையை நான் பார்த்த ஆட்டங்களில் அதைவிடத் தெளிவாக வேறெதிலும் பார்த்ததில்லை. புள்ளிவிவரப் புத்தகத்தில் இருப்பது மட்டுமே சர்வதேசம் என்று வாதிடுவோருக்கு இதைச் சொல்லுங்கள்.

கென்யாவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் என் இரண்டு கேள்விகளின் முழு வலிமையையும் காட்டுகிறது. அஸ்கிரியவில் ஆடுவதற்கு ஆறு நாட்களுக்கு முன் அவர்கள் பூனேயில் மேற்கிந்தியத் தீவுகளை வென்றிருந்தார்கள். 2003 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போனார்கள். எனினும் டெஸ்ட் அந்தஸ்து கடைசிவரை கிடைக்கவில்லை. 2014இல் ஒருநாள் ஆட்ட அந்தஸ்தையும் இழந்தார்கள். அவர்களுடைய சொந்த நிர்வாகக் குழப்பங்கள் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இவ்வளவு வென்றால் உள்ளே வரலாம் என்று எழுதி வைத்த படி அங்கே இல்லை. உள்ளே இருப்பவர்கள் கூடி வாக்களித்தால்தான் இடம். 1993 வரை இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அந்தச் சபையில் வீட்டோ அதிகாரமே இருந்தது. 2017இல் அயர்லாந்தும் ஆப்கானிஸ்தானும் சேர்க்கப்பட்ட பிறகு டெஸ்ட் ஆடும் அணிகள் 12. அவற்றில் ஒன்றுகூடத் தோல்வியால் கீழே இறக்கப்படுவதில்லை. ஆகவே டெஸ்ட் கிரிக்கெட், நான் உயிராக நேசிக்கும் வடிவமாக இருந்தும், என் இரண்டு கேள்விகளிலும் தேறவில்லை.

ஒருநாள் உலகக் கிண்ணத்தின் நிலை வேறு. 2007இல் 16 அணிகள் ஆடின. 2019இல் அதை 10 ஆகக் குறைத்தார்கள். 1975ஆம் ஆண்டிலும் 1979ஆம் ஆண்டிலும் இதே மனப்பான்மை இருந்திருந்தால் இலங்கை என்ற பெயரையே உலகம் கேட்டிருக்காது என்று அன்று நான் கோபப்பட்டேன். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை. ஆனால் அந்தச் சிறிய கிண்ணத்திலும் ஒரு நியாயம் ஒளிந்திருந்ததை 2023 காட்டியது. அந்த ஆண்டு இலங்கையே நேரடித் தகுதி பெறாமல் சிம்பாப்வேக்குப் போய், ஓமானோடும் ஸ்கொட்லாந்தோடும் தகுதிகாண் சுற்று ஆடி வென்றுதான் இந்தியாவுக்குப் போனது. முதல் இரண்டு உலகக் கிண்ணங்களையும் வென்ற மேற்கிந்தியத் தீவுகள் அதே சுற்றில் ஸ்கொட்லாந்திடம் தோற்று வெளியே நின்றார்கள். நெஞ்சு வலித்தாலும் போட்டி நேர்மையானது என்பதற்கு அதுவே சான்று. நான்கு முறை உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை வென்ற இத்தாலி 2018ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டிலும் தகுதி பெறாமல் வீட்டில் இருந்ததும் அதே வகைதான். பெரியவர்கள் வெளியே நிற்க நேரும் போட்டியில்தான் சிறியவர்களுக்கு உண்மையான இடம் இருக்க முடியும்.

இனி உதைபந்தாட்டத்துக்கு வருவோம். அது பிறந்தபோதே எல்லோருக்குமாகப் பிறந்தது என்று உங்கள் முதல் தரப்பார் நினைத்தால் அது தவறு. 1930இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கிண்ணத்தில் 13 அணிகள். தகுதிகாண் சுற்றே இல்லை, அழைப்புத்தான். கடல் கடந்து போக மனமில்லாமல் ஐரோப்பாவிலிருந்து நான்கு நாடுகள் மட்டும் போயின. பொதுவான பந்துகூட இல்லை. இறுதி ஆட்டத்தில் யாருடைய பந்தில் ஆடுவது என்று ஆர்ஜென்டினாவும் உருகுவேயும் மல்லுக்கட்டி, முதல் பாதிக்கு ஒருவர் பந்து, இரண்டாம் பாதிக்கு மற்றவர் பந்து என்று முடிவு செய்தார்கள். தங்கள் பந்தில் ஆடிய முதல் பாதியில் ஆர்ஜென்டினா 2–1 என்று முன்னிலை வகித்தது. தங்கள் பந்து வந்ததும் உருகுவே 4–2 என்று வென்றது. தோட்ட மைதானத்தில் பந்துக்காகச் சண்டையிட்டுப் பழகிய நமக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது.

அந்த விளையாட்டின் கதவு தானாகவும் திறக்கவில்லை. 1966 உலகக் கிண்ணத்தின் 16 இடங்களில் ஆபிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. சனாதிபதி குவாமே நிக்ருமாவின் கானா முன்னின்று பேச, ஆபிரிக்க நாடுகள் அனைத்தும் தகுதிகாண் சுற்றையே புறக்கணித்தன. எஞ்சிய அந்த ஓர் இடத்தில் வந்த வட கொரியா இத்தாலியை 1–0 என்று வென்று உலகத்தைத் திகைக்க வைத்தது. அந்த மூன்று பகுதிகளின் திறமையை எவ்வளவு குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1970 முதல் ஆபிரிக்காவுக்குத் தனி இடம் கிடைத்தது, அதில் முதலில் போனது மொரோக்கோ. அதே மொரோக்கோ 2022இல் அரையிறுதிக்கு வந்த முதல் ஆபிரிக்க நாடாயிற்று. 2026 கிண்ணத்துக்கு வகுக்கப்பட்ட 48 இடங்களில் ஆபிரிக்காவுக்கு நேரடியாக ஒன்பது. இவை எல்லாம் போராடிப் பெற்றவை.

உதைபந்தாட்டம் கிரிக்கெட்டை விடச் சர்வதேசத் தன்மை கொண்டது என்று நான் ஏற்பதற்குக் காரணம் அதன் 211 உறுப்பினர்கள் என்ற எண் அல்ல, 2015 மார்ச்சில் கொழும்பில் நடந்த ஓர் ஆட்டம். உலகத் தரவரிசையில் 209ஆவதாக, அதாவது கடைசியாக இருந்த பூட்டான், உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் முதன்முறையாகக் காலடி வைத்து, நம் மண்ணில் நம்மை 1–0 என்று வென்றது. ஐந்து நாட்கள் கழித்துத் திம்புவில் 2–1 என்று மீண்டும் வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. அடுத்த சுற்றில் கட்டாரிடம் 15–0 என்று தோற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஜேர்மனி எந்தக் கிண்ணத்துக்காக ஆடியதோ அதே கிண்ணத்தின் முதற்படியில் பூட்டான் நின்றது. நிற்பதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. இலங்கைக்கு அது வெட்கமான நாள் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு வருத்தம் இருந்தது, வெட்கம் இருக்கவில்லை.

பலவீனமான அணிகளை விட்டால் ஆட்டம் ஒருதலைப்பட்சமாகிவிடும், பார்ப்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்ற வாதத்தையும் உங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2003இல் கனடா நம்மிடம் 36 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்ததை அவர் உதாரணம் காட்டினாராம். அந்த வாதம் எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் பக்கத்தில் நடந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு நான் புள்ளிப் பதிவாளராக இருந்தேன். 16 அணிகளுக்கு அழைப்பு. காலை எட்டரை மணியளவில், தூரத்துத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவிலிருந்து பதினொரு பையன்கள் வந்து நின்றார்கள். பஸ் இல்லாத பாதையில் நடந்து வந்திருந்தார்கள். காற்சட்டை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. ஒரே ஒரு மட்டையை உரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை, உங்கள் அணி எங்களுக்குத் தெரியாது என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சண்டை போடவில்லை. மைதானத்தின் மண்மேட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் சம்பலையும் பகிர்ந்து சாப்பிட்டு, மாலையில் மூடுபனி இறங்கி ஆட்டம் நிற்கும் வரை எல்லா ஆட்டங்களையும் பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார்கள். அன்று முழுவதும் என் மடியில் கிடந்த புள்ளிப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரியைக்கூட என்னால் எழுத முடியவில்லை.

அடுத்த ஆண்டு, பெயர் தெரியாத அணிகளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தகுதிகாண் சுற்று நடத்த வேண்டும், இல்லையென்றால் நான் வர மாட்டேன் என்று சொன்னேன். நடத்தினார்கள். அந்தப் பையன்கள் வந்து முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். ஐந்து ஓவர்களில் 31 ஓட்டங்கள் எடுத்தார்கள் என்று எழுதினேன். தோற்ற பிறகு அணித்தலைவன் வந்து புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டு, தன் பெயருக்கு நேரே இருந்த 14 என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். 36 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த கனடாவைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லா இடத்திலும் ஒரே விதி இருக்க வேண்டும் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பந்து தேயிலைக்குள் விழுந்தால் ஒரு தோட்டத்தில் இரண்டு ஓட்டம், அடுத்த தோட்டத்தில் நான்கு, இன்னொன்றில் ஆட்டமிழப்பு. உள்ளூரில் ஆடும்வரை இதில் தவறில்லை. வெளியிலிருந்து ஒருவரை அழைக்கும் நாளில்தான் இது அநீதியாகிறது. நாடுகள் மோத வேண்டுமென்றால் விதியை எழுதுகிறவர் யார் என்பதும் முக்கியம். கிரிக்கெட் விதிகள் 1788 முதல் லண்டனிலுள்ள மெரில்போன் கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உதைபந்தாட்ட விதிகளை 1886இல் தொடங்கிய சபையொன்று தீர்மானிக்கிறது. அதில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்குக்கும் தலா ஒரு வாக்கு, மீதி உலகம் முழுவதற்கும் சேர்த்து நான்கு வாக்குகள். ஆடுகளம் உலகத்துக்குப் பொதுவாகிவிட்டது. விதியை எழுதும் மேசை இன்னும் ஆகவில்லை.

இப்போது நான் மிகவும் கவனமாகச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். நாடுகளுக்கு இடையிலான போட்டி என்றால் ‘நாடு’ என்பது என்ன? மேற்கிந்தியத் தீவுகள் ஒரு நாடல்ல. பல தீவு நாடுகள் கிரிக்கெட்டுக்காகச் சேர்ந்து நிற்கின்றன. 1998இல் கோலாலம்பூர் பொதுநலவாய விளையாட்டுகளில் பார்படோசும் ஜமேக்காவும் தனித்தனியாக ஆடின. ஒலிம்பிக்கில் ஒரே நாடாகப் போகும் பிரித்தானியா, உதைபந்தாட்டத்தில் நான்கு அணிகளாகப் பிரிகிறது. 2022இல் அரையிறுதி ஆடிய மொரோக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பிறந்த இடத்தை வைத்து அணியின் நாட்டை மறுப்பவர்கள், இடம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எந்த நாட்டிலும் ஆட இடமில்லை என்று சொல்கிறார்கள். அது மலையகத்தில் பிறந்த எவராலும் ஏற்க முடியாத வாதம்.

ஏனென்றால் நம் கதை அதுதான். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை ஒரே எழுத்தில் நாடற்றவர்களாக்கியது. 1964இல் செய்த ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தன. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாக்கின. எங்கள் வீட்டில் ஒரு கரப்பந்தாட்ட அணியின் புகைப்படம் இருக்கிறது. ஆறு பேர், கையால் வெட்டித் தைத்த துணி எண்கள், நடுவில் பந்தோடு என் சித்தப்பா. மாவட்டப் போட்டிவரை போன அணி அது. அந்த ஆறு பேரில் மூவர் தலைமன்னார்க் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஒருவர் நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் காலமானார். அந்த அணி எந்த நாட்டு அணி? அவர்களுக்குள் ஓர் ஆட்டம் வைத்திருந்தால் அது உள்ளூர் ஆட்டமா, இந்திய–இலங்கை ஆட்டமா?

அதே கதையின் மறுபக்கத்தில் முத்தையா முரளிதரன் நிற்கிறார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த பேரன் மொத்தம் 800 டெஸ்ட் விக்கெட்டுகளை எடுத்தார், அவற்றில் 795 இலங்கைக்காக. நாடற்ற மக்கள் என்று எண்ணப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் அந்த நாட்டின் பெயரை உலகம் முழுவதும் ஒலிக்கச் செய்தார். நாடு என்பதைக் காகிதத்தோடு நிறுத்திவிட முடியாது என்பதை ஒலிம்பிக் குழுவும் பிந்தியாவது உணர்ந்தது. 2016இல் ரியோவில் 10 பேரோடு அகதிகள் அணி முதன்முறையாக அணிவகுத்தது. 2024இல் பாரிஸில் குத்துச்சண்டை வீராங்கனை சிண்டி ங்காம்பா அந்த அணிக்கு முதல் பதக்கத்தை வென்று கொடுத்தார். ஒலிம்பிக் சர்வதேசமானது என்பதற்கு 200க்கு மேற்பட்ட கொடிகளைவிட, நாட்டுக் கொடி இல்லாதவர்களின் அந்த ஒரே அணியை நான் பெரிய சான்றாகக் கொள்கிறேன்.

பார்ப்போரின் தொகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்தியன் பிரீமியர் லீக் ஒன்றே விடை: பல நாட்டு வீரர்கள் ஆடுகிறார்கள், கோடிக்கணக்கானோர் பார்க்கிறார்கள், ஆனாலும் அது இந்திய நகரங்களின் பெயரிலான உள்நாட்டுத் தொடர். வலைப்பந்தாட்டமோ நேரெதிர். தொலைக்காட்சியில் அரிதாகவே வரும். 1963 முதல் இன்றுவரை உலகக் கிண்ணத்தை வென்றவை அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, ஒருமுறை அவற்றோடு பகிர்ந்துகொண்ட டிரினிடாட் டொபேகோ ஆகிய மூன்றே. ஆனால் ஆசியத் தகுதிச் சுற்றில் வென்றே நம் பெண்கள் அங்கே போகிறார்கள், மிக உயரமான வீராங்கனையான யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அங்கே ஆடியபோது உலகம் அண்ணாந்து பார்த்தது. எனக்கு அது போதும்.

இனி உங்கள் பதாகை. கட்டார் இளைஞர்களின் விருப்பத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். சர்வதேச கிரிக்கெட் பேரவையின் விதிப்படி ஒரு நாட்டுக்கு ஆட அங்கே பிறந்திருக்கலாம், அந்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கலாம், அல்லது மூன்று ஆண்டுகள் அங்கே நிலையாக வசித்திருக்கலாம். கட்டாரின் உண்மையான தேசிய அணியிலும் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்து போனவர்கள்தான். ஆனால் அந்த அணியை அந்நாட்டுச் சங்கம் தெரிவு செய்கிறது. உங்கள் இளைஞர்களை எவரும் அப்படி அனுப்பவில்லை. ஆகவே ‘கட்டார் வாழ் தோட்ட இளைஞர் அணி’ என்று பெயர் வைக்கட்டும், அதில் உண்மையும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து வருகிறவர்களைப் பொறுத்தவரை, அவர்களில் யாருடைய தாத்தாவாவது உங்கள் மைதானத்தில் ஆடியவராக இருப்பார். அவர்களை விருந்தினர் அணி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, தோட்டத்தின் பெயரையே அவர்களுக்கும் கொடுங்கள்.

‘சர்வதேச’ என்ற சொல்லை இந்த ஆண்டு அச்சிட வேண்டாம் என்பது என் தீர்ப்பு. மாறாக, விண்ணப்பிக்கும் எந்தப் பிரிவின் அணிக்கும் முந்திய ஞாயிறன்று தகுதிகாண் சுற்று வையுங்கள். சென்ற ஆண்டு வென்ற அணியும் முதல் சுற்றிலிருந்தே ஆடட்டும். சீட்டுக் குலுக்கலைச் செயற்குழு அறைக்குள் செய்யாமல் மைதானத்தில் எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். விதித்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். பந்து தேயிலைக்குள் விழுந்தால் எத்தனை ஓட்டம் என்பதை அதன் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.